பூரண குணம்

சனிக்கிழமைப் பத்திரிகையில்
கரியடுப்புப் பாலிஷுக்கும்
எலிப் பாஷாணத்துக்கும் நடுவே
தீர்ஸா ஓல்ட்ராய்ட் இன்றைக்கும் எழுதியிருக்கிறாள்:

"மூன்று புட்டி குடித்தேன். வீக்கம் வடிந்தது.
மாடிப்படி தாவி ஏறுகிறேன்.
தங்கள் நன்றி மறவாத..."

ஹாலிஃபாக்ஸ், தெரு, கதவிலக்கம்
எல்லாம் சரி.
மாடிப்படி மட்டும் கம்பெனிக்காரன் கைச்சரக்கு.
இந்த வீட்டுக்கு ஏது மாடி?

அவள் எழுதிப்போட்ட நாளில்
வீக்கம் வடிந்திருந்தது நிஜம்தான்.
இரண்டு வாரம்.
பதிலுக்கு ஒரு புட்டி இனாமாக வந்தது,
கிராம்பும் சாராயமும் மணக்கிற அதே சரக்கு.
சலவை நீலப் பொட்டலத்துக்குப் பின்னால்
அரக்கு முத்திரை உடையாமல் நிற்கிறது.
அவள் மண்மேல்
இரண்டாம் தடவை பனி விழுந்தாயிற்று.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி எழுத
ஏப்ரலில் மை வாங்கினான் ஜேபெஸ்.
கூட்டிலேயே காய்ந்தது.

சனி தவறாமல் ஒரு பென்னி.
அடுப்பு மூட்டத் தாளைக் கிழிக்கையில்
அந்தப் பத்தியைச் சுற்றிக்கொண்டு போகும் விரல்.

இந்த வாரம் அச்சுக் கோப்பவன்
அவள் பெயரில்
ஓர் எழுத்தை விழுங்கிவிட்டான்.

ஜேபெஸ் கோட்டை மாட்டிக்கொண்டு
மழையில் போய்
புது மை வாங்கி வந்தான்.