பூசணிக்காய்ச் சத்தம்

படத்தில் குத்துக்கெல்லாம் சத்தம் போட்டவன் நான்.
ஆறு பிணம், பதினோரு குத்து.
வெள்ளைப் பூசணி மூன்று, ஈரத் துண்டு ஒன்று,
எலும்புக்கு முள்ளங்கி.
எல்லாம் கொருக்குப்பேட்டையில் பேரம் பேசி வாங்கியவை.
திரையில் என் பெயர் வருவதற்குள்
துடைப்பத்தோடு ஆள் உள்ளே வந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை செய்தித்தாளில் இரண்டு நட்சத்திரம்.
தர்க்கம் இல்லை என்றார் ஒருவர்.
பதின்ம வயதுப் பிள்ளைகள் இப்படிப் பேசுவதில்லை என்றார் இன்னொருவர்,
'ஆனால் கொலைச் சத்தம் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது.'
அந்த ஒரு வரியைக் கத்தரித்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
தண்டையார்பேட்டை கனகவல்லியில் இரவுக் காட்சி.
டிக்கெட் எழுபது ரூபாய்.
கால்வாய்ப் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தாது,
கொசு வரும், கூட்ஸ் வண்டியின் சத்தமும் வரும்.

ஏற்காட்டில் ஒரு பங்களா, பிறந்தநாள் விருந்து.
முதல் பெண் கைப்பேசி வெளிச்சத்தில்
தனியாகப் படியிறங்குகையில்
தியேட்டரே புத்தி சொன்னது:
"ஏ பொண்ணு, போவாத. லைட்ட போடு மொதல்ல."
"அம்மாம் பெரிய ஊட்ல கரண்டு பில்லு கட்டலியா?"
அவள் இறங்கினாள்.
முதல் பூசணி செத்தது.

முன்வரிசையில் பிளஸ் டூ பையன்கள்.
அடுத்த சாவு யாரென்று பந்தயம், முட்டை போண்டாவுக்கு.
கண்ணாடி போட்டவன் நாலாவது என்றான் ரியாசுதீன்.
நாலாவதாகவே போனான்.
படத்தின் மர்மம் மொத்தம் பதினைந்து ரூபாய்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் தேசம்மா.
காசிமேட்டில் வஞ்சிரம் வெட்டுகிறவர்,
விரலில் இரண்டு பிளாஸ்திரி.
மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்ள
இவர் இமைக்கவே இல்லை.
மூன்றாவது கொலையின்போது
யாரிடமென்று இல்லாமல் சொன்னார்:
"கத்தி உள்ள போறப்ப சத்தமே வராது.
வெளிய இஸ்க்கும்போதுதான் வரும்.
இது இன்னாவோ காய் நறுக்குற மாரி கீது."
சட்டைப்பைக் காகிதம் வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் முகமூடியைக் கழற்றினார்கள்.
உள்ளே ஒரு பையன்.
பங்களாவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவனாம்,
ஊர் வியாசர்பாடியாம்.
அதுவரை வாய் திறக்காதவன் திறந்தான்.
எங்கள் பேச்சு.

குரல் கொடுத்தவர் அடையாறுக்காரர்.
இரண்டு மணி நேரம் அந்தக் கண்ணாடி அறையில்
'இன்னாபா'வோடு மல்லுக்கட்டினார்.
'இன்னும் கொஞ்சம் மூக்குல சொல்லுங்க சார்' என்று
திருத்திக் கொடுத்தது நான்தான்.
அதற்குத் தனியாக ஐந்நூறு ரூபாய் தந்தார்கள்.

முன்வரிசையில் பந்தயம் நின்றது.
அவன்மேல் யாரும் கட்டியிருக்கவில்லை.
விசில் இல்லை. ஒரு குழந்தை இருமியது.
பின்னால் இருந்து ஒரு ஆள்,
ரொம்ப நேரம் கழித்து,
"அதான பாத்தேன்" என்றார்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
விளக்கு வருவதற்கு முன்பே எழுந்து போனார்.

துடைப்பம் வந்தது.
என் பெயரும் வந்தது, ஒற்று விட்டுப்போய்.

வாசலில் தேசம்மா
செருப்பில் ஒட்டிய பாப்கார்னைத் தட்டிக்கொண்டே கேட்டார்,
"இன்னா சார், உனுக்குப் படம் புட்ச்சுதா?"
வாயைத் திறந்தேன்.
சத்தம் வரவில்லை.
அதற்குள் மகள்
ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டாள்.