ஒரு நிமிடம் பிடித்துக்கொள்

மார்ச்சில் கூரை ஒழுகியது.
அலமாரி மேலிருந்த பதினோரு அட்டைப்பெட்டிகளையும் இறக்கி
அறை முழுக்கப் படங்களைக் காயவைத்தேன்:
கட்டிலில், நாற்காலி முதுகுகளில், மூடிய பியானோவின் மேல்.
நடக்க ஒற்றையடிப் பாதைதான் மிச்சம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
நான் ரியோனி ஆற்றை எடுப்பவள் என்று.
வெள்ளைப் பாலம், பனி,
பாறைகளில் மோதி உடையும் பழுப்புத் தண்ணீர்.
மருந்துக்கடைக்கு வரும் குட்டாய்சிவாசிகளிடம்
முப்பது வருடமாக அப்படித்தான் பீற்றிக்கொண்டேன்.
ஆறு இருந்தது. ஒன்பது படங்களில்.
அதிலும் நான்கு மங்கல்.

முழங்காலிட்டு ஈரம் ஒற்றும்போதுதான்
அந்த ஆளைப் பார்த்தேன்.
பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில்
தோளில் சிவப்புக் கைப்பை,
என்னுடையதல்ல என்று ஊருக்கே அறிவிக்கும் முகம்.
அவருக்கு அடுத்துக் காய்ந்துகொண்டிருந்தாள்
இரண்டு ஐஸ்கிரீமோடு ஒரு சிறுமி:
ஒன்றை நக்குகிறாள்,
மற்றது மணிக்கட்டு வழியே முழங்கைக்கு இறங்குகிறது.

அப்புறம் நிறுத்த முடியவில்லை.
சந்தையில் யாருடைய கோழியையோ
தலைகீழாகத் தூக்கி நிற்கும் தமாஸ்.
சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனவரின் தொப்பியை
வயிற்றோடு அணைத்திருக்கும் குள்ள மனிதர்;
அவர் தலையில் அவருடைய தொப்பி.
ஏணியின் அடியில், பல்லைக் கடித்துக்கொண்டு, லமாரா.
மேலே இரண்டு பூட்ஸ் மட்டும்.

எதுவும் அவர்களுடையதில்லை.
கொடுத்துவிட்டுப் போனவர்கள் படத்தில் இல்லை.
படத்தின் விளிம்பைத் தாண்டி
ஒரே திசையில் இத்தனை கண்கள்.

நூற்றுப் பதினேழு.
இரண்டு தரம் எண்ணினேன்.
தேடி எடுத்ததில்லை. தேடியிருந்தால்
முப்பதாவது படத்திலேயே கெடுத்திருப்பேன்,
'கொஞ்சம் சிரியுங்கள்' என்றிருப்பேன்.

கேமராவிலும் ஈரம் பட்டிருந்தது.
துடைக்க எடுத்தவள் வாரைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூற்று நான்கு. மின்சாரமில்லாத குளிர்காலம்.
"ஒரு நிமிடம் பிடித்துக்கொள், சிகரெட் வாங்கி வருகிறேன்" என்று
தன் ஜெனித்தைக் கழற்றி
என் கழுத்தில் மாட்டிவிட்டு ஓடினான் குராம்.
அதற்குள் வண்டி நகர்ந்தது.
கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டு கையசைத்தான்.
நானும் அசைத்தேன்.
வீடு வந்து கோட்டைக் கழற்றியபோதுதான்
கழுத்து கனத்தது.

சோகமெல்லாம் இல்லை. ஆள் நன்றாக இருக்கிறான்.
போத்தியில் கப்பல் பெயிண்ட் விற்கிறான்,
மூன்று பெண்கள், கொஞ்சம் சர்க்கரை.
நேற்று இரவு எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன்.
"உன் கேமரா என்னிடம் இருக்கிறது."
"எந்தக் கேமரா?"
பின்னால் தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்டார்கள்.
"ஓ, அதுவா! குளிரில் ஷட்டர் ஒட்டிக்கொள்ளுமே,
இன்னுமா வைத்திருக்கிறாய்?"

ஒட்டிக்கொள்ளும்தான்.
கோட்டுக்குள் விட்டு, மார்போடு கொஞ்ச நேரம்
சூடாக்கி எடுக்க வேண்டும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
திருப்பிக் கொடு என்று அவனும் சொல்லவில்லை.

இன்று காலை கூரைக்கு ஆள் வந்தார்.
ஏறுமுன் பாதி தின்ற ரொட்டியை என்னிடம் நீட்டினார்,
மறு கையில் மூக்குக்கண்ணாடியை.
மேலே ஓடு பெயரும் சத்தம்.
தெருவைப் பார்த்தபடி நின்றேன்.
நல்ல வெளிச்சம்.
கேமரா கழுத்தில்தான் தொங்கியது,
கைதான் இல்லை.