நாலு மணி நீலம்

லங்காஸ்டருக்குக் கிழக்கே பால் வண்டி ஓட்டுகிறேன்.
இருபத்து மூன்று பண்ணைகள், எல்லாம் ஆமிஷ் குடும்பங்கள்.
கொட்டிலில் ஒரு லாந்தர், வாசலில் குதிரை வண்டி.
மற்றபடி இருட்டு,
அவர்களே விரும்பி வைத்துக்கொண்ட இருட்டு.

பதினேழாவது பண்ணையில் மட்டும்
மாடி ஜன்னல் நீலமாய் எரியும்.
பனி அதைக் குடித்து முற்றமெல்லாம் நீலம்.
யாரோ திருட்டுத்தனமாய் டிவி பார்க்கிறார்கள் என்று
சிரித்தபடி குழாயை மாட்டினேன், முதல் வாரம்.

பிறகொரு நாள் ஏனோஸ் சொன்னார்,
என் முகத்தைப் பார்க்காமல்
தொட்டியின் அளவுகோலைப் பார்த்து:
"என் மகள் கேத்தூரா. ஆறு வயது.
ரத்தம் பழசானால் மஞ்சளாகும், எல்லாருக்கும்தான்.
அதை வெளியே தள்ள ஈரலில் ஒரு கை வேண்டுமாம்.
இவளுக்கு அந்தக் கை இல்லை."

சபையார் கூடிப் பேசி ஜெனரேட்டருக்குச் சம்மதித்தார்கள்.
வலை கட்டிய கட்டில், மேலும் கீழும் குழல் விளக்கு,
பத்து மணி நேரம், உடுப்பில்லாமல்.
வெளிச்சம் தோலுக்குள் இறங்கி
பிலிருபினைத் திருகிவிடும்.
தண்ணீரோடு சேரமாட்டேன் என்ற பிடிவாதம் போய்
கரைந்து வெளியேறும், விடியும் மட்டும்.
தேங்கினால் மூளைக்கு ஏறும்.

அவள் அம்மா தைக்கும் ஒட்டுப்போர்வைகளை
நியூயார்க்கிலிருந்து வந்து வாங்கிப் போகிறார்கள்.
அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் போர்வை ஆகாது.

எனக்கும் உண்டு கொஞ்சம் மஞ்சள்.
ஒரு வேளை பட்டினி கிடந்தால்
கண்ணின் வெள்ளையில் பழைய பியானோக் கட்டையின் நிறம்.
"கில்பர்ட்," என்று கையை உதறினார் டாக்டர்,
"ஒன்றும் செய்யாது. இதயத்துக்கு
நல்லதோ என்றுகூடப் பேசிக்கொள்கிறார்கள்."
அதே சரக்கு.
என் உடம்பில் துருப்பிடிக்காமல் காவல் இருக்கிறதாம்,
சம்பளம் கேட்காத வாட்ச்மேன்.
வண்டிக் கதவு இடித்த முழங்கால்
கறுத்து, பச்சையாகி, மஞ்சளாகி ஆறியபோது
அந்த மஞ்சளை விரலால் தேய்த்துப் பார்த்தேன்.
இதுதானா?

பதினோரு வயதில் அவள் தோல் தடித்தது.
வெளிச்சத்துக்கு வழி குறைந்தது.
பதினாறு மணி நேரம் போட்டும் போதவில்லை.
ஏனோஸ் பால் கணக்கை இரண்டு முறை தப்பாய் எழுதினார்.
நான் திருத்தவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழன்
பதினேழாவது பண்ணை இருண்டு கிடந்தது.
ஜெனரேட்டர் சத்தமும் இல்லை.
குழாயைப் பிடித்தபடி நின்றேன்,
உலோகத்தில் விரல் ஒட்டிக்கொள்ளும்வரை.
மாடு கறந்துகொண்டிருந்தவன் பக்கத்துப் பண்ணைப் பையன்.
"பிட்ஸ்பர்க் போயிருக்கிறார்கள். ஈரல் கிடைத்ததாம்."
யாருடையது என்று அவனுக்குத் தெரியாது.
எங்கோ ஒரு வீட்டில் அன்று
எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்திருக்கும்,
தூங்க முடியாமல்.

ஏப்ரலில் ரசீது வாங்க அவளே வந்தாள்.
கண்ணில் வெள்ளை, உரித்த முட்டை மாதிரி.
பார்க்க எனக்குத்தான் கூசியது.
"இப்போது நன்றாகத் தூங்குகிறாயா?"
யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"போர்வை கனக்கிறது.
அப்புறம், ராத்திரி இவ்வளவு கறுப்பு என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை."

இப்போதெல்லாம் பதினேழாவது பண்ணையில்
முன்விளக்கை அணைக்க மறந்துவிடுகிறேன்,
பால் ஏறி முடியும் வரைக்கும்.