முந்நூற்று நாற்பது ஷில்லிங்

கிசுமு வணிகக் கல்லூரியில்
புதன் மதியம் மூன்றுக்கு மேல் மதிப்பெண் கிடையாது.
ஓடத் தெரிந்தவர்கள் கால்பந்துக்குப் போனார்கள்,
பேசத் தெரிந்தவர்கள் வாதமேடைக்கு.
மிஞ்சியவர்களுக்கு நாடகம்.
நான் அதிலும் மிஞ்சியவன்.
நடிக்க வராது என்று
பணப்பெட்டியைக் கையில் கொடுத்தார்கள்.

ஒகேயோதான் கடன்பட்ட மீனவன்.
கணக்கியலில் தொண்ணூற்று நான்கு வாங்குபவன்.
வாராக்கடன் என்றால் தூக்கத்திலும் சொல்வான்:
இந்தக் கணக்கில் பற்று, அந்த ஆள் கணக்கில் வரவு,
கீழே இரட்டைக் கோடு, ஆள் தொலைந்தான்.

கடன் கொடுத்தவள் அபொண்டி.
அதே தாளை இரண்டு முறை எழுதித் தோற்றவள்.

உணவுக்கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளி ஒத்திகை.
ஜன்னல் வழியே ஏரியின் ஆகாயத்தாமரை அழுகும் வாடை.
கதையிலும் அதுதான் வில்லன்.
படகைச் சுற்றிக்கொண்டு விடாது.
ஒமேனா மீன் ஒரு கூடைக்கும் வழியில்லை.

அவளைக் கண்டதும் ஒகேயோ எழுந்து நின்று
விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவான்:
வரத்துக் குறைவு, டீசல் விலை, ரொக்க ஓட்டம்.
"கடன்பட்டவன் இவ்வளவு பேசுவானா?"
"பேசாமல் எப்படிப் புரியவைப்பது?"
"உங்கள் வீட்டு வாசலுக்கு
யாரும் வந்து நின்றதே இல்லை, அப்படித்தானே?"
அவன் வாயடைத்துப் போனான்.
"இது. இதை அப்படியே வைத்துக்கொள்" என்றாள்.

டுங்கா கரையில், மீன் இறக்கும் இடத்தில்
தார்ப்பாய் கட்டி ஆடினோம்.
மீன் பொரிக்கும் பெண்கள், போடா போடாக்காரர்கள்,
யாருடையதென்று தெரியாத ஓர் ஆடு.

அபொண்டி வந்தாள். பணம் கேட்கவில்லை.
கிழிந்த வலையைப் பார்த்தாள்.
குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.
குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பி நீட்டினாள்,
ஆனால் பிடியை விடவில்லை.
இரண்டு பேர் கையிலும் ஒரே குவளை.
ஆடுகூட மெல்லுவதை நிறுத்தியிருந்தது.

பிறகுதான் தொகையைச் சொன்னாள்:
ஐயாயிரம், ஆண்டுக்குப் பத்து விழுக்காடு.

"ஆண்டுக்கா?"
மாவு படிந்த கையோடு ஒருத்தி எழுந்துவிட்டாள்.
"இந்தக் கரையில் யாரடி ஆண்டுக்கு எண்ணுகிறார்கள்?
வாரத்துக்குப் பத்து!"
"எங்கள் சீட்டுக்குழுவில் எட்டுதான்."
"உங்கள் குழுவில் முதலே திரும்பாதே!"

நாடகம் நின்றது.
ஒரு போடா போடாக்காரன் மணலில் குந்தி
விரலால் பெருக்கினான்:
பதினொரு வாரம் என்கிறீர்கள்,
வட்டி மட்டும் ஐயாயிரத்து ஐநூறு, முதல் தனி.
பெட்டிமேல் உட்கார்ந்தபடி எழுதிக்கொண்டேன்,
யாரும் எழுதச் சொல்லாமல்,
மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

கடைசிக் காட்சியில் அவன் கடனை அடைப்பதாக
எழுதியிருந்தோம். வங்கி மேலாளருக்கு
டை கூட வாங்கியிருந்தோம்.
ஒகேயோ மணலிலிருந்த தொகையைப் பார்த்தான்.
அந்த வசனத்தைச் சொல்ல மாட்டேன் என்பதுபோல்
தரையில் உட்கார்ந்தான்.
அதுதான் முடிவு என்று எண்ணிக் கைதட்டினார்கள்.
டை கட்டியவன் திரைக்குப் பின்னாலேயே நின்றான்.

தட்டில் விழுந்தது ஆயிரத்து அறுபது.
தார்ப்பாய் நானூறு, வண்டி முந்நூறு,
நாற்காலி வாடகை எழுநூறு.
நட்டம் முந்நூற்று நாற்பது.
கல்லூரி அறிக்கையில் எங்களுக்கு ஒரே சொல்:
'பங்கேற்றனர்.'

திங்களன்று நாற்காலிக்கார நியபோகே
விடுதிக்கே வந்துவிட்டாள்.
கதவைத் திறந்தது ஒகேயோ.
ரொக்க ஓட்டம் பற்றி மூச்சுவிடவில்லை.
உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தில் ஒன்றுமில்லை.
"அன்றைக்குக் கடைசி வரிசையில் நானும் இருந்தேன்" என்றாள்.
"வெள்ளிக்குள் கொடுங்கள்.
வட்டி, போனால் போகிறது, ஆண்டுக்கணக்கில்."

நான்கு நாள்.
போட்டுப் பார்த்தேன்: முப்பத்தேழு சென்ட்.
பேரேட்டில் ஒரு வரி ஒதுக்கி
முழுதாக்காமல் எழுதி வைத்தேன்.