பதினாலு மணித்தியாலம்

நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்த நத்தார்ச்செடி.
சிவக்க வேண்டுமென்றால்
பின்னேரம் ஐந்திலிருந்து காலை ஏழுவரை இருட்டு.
பிஸ்கட் பெட்டி, ஓட்டைகளுக்குக் கறுப்பு ரேப்.
குருநகரில் எங்கள் மேல்மாடி அறை;
யன்னலுக்கு நேரே புதுத் தெருவிளக்கு,
இரவென்று ஒன்றை அது விட்டுவைப்பதில்லை.

எனக்கு நைற் டியூட்டி என்றால் எமல்டா மூடுவாள்.
வார்ட்டுக்குச் செய்தி வரும்:
‘கண்ணைக் கட்டியாச்சு.’

மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.
மாரியில் அது எங்கே காய்கிறது.

இருபதாம் நாள், பொறுக்காமல்,
இரண்டு மணிக்குத் திறந்து ரோர்ச் அடித்தேன்.
பச்சை. முழுப்பச்சை.
நித்திரை குழம்பிய பிள்ளையைப்போல்
சிணுங்கியது ஓரிலை.

நத்தார் போய்ப்
பொங்கலுக்குத்தான் சிவந்தது.
சிவந்ததும் பூவல்ல, இலையாம்;
பூ நடுவில், கடுகளவு மஞ்சள்.

பெட்டியை எமல்டா எறியவில்லை.
பூசைக்குப் போடும் செருப்பை
அதற்குள் வைத்திருக்கிறாள்.