இரவல் குரல்

நிவெஸ் தாப்ரெத்தோ
இருபத்து மூன்று படங்களிலும் பேசியதில்லை.
உதடு அசைத்தாள், அவ்வளவுதான்.
"முகம் போதும், துறைமுகம் வேண்டாம்"
என்றுவிட்டார் இயக்குநர்.
த்ரியெஸ்தே மீன்வாடை அடிக்கிறதாம் அவள் பேச்சில்.

ரோமில் ஓர் இருட்டறை.
சோம்புத் தண்ணீரால் தொண்டையை நனைத்துக்கொண்டு
எர்சீலியா என்றொருத்தி
அவளுக்காகக் காதலித்தாள், சபித்தாள்,
நான்கு முறை செத்தாள்.
இருவரும் சந்தித்ததே இல்லை.
கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும்.
அதிலும் வெறும் கையெழுத்து.

அறுபது வயதில், ஊர் திரும்பி,
அரைக்கிலோ மத்தி கேட்டாள் நிவெஸ்.
கடைக்காரன் உற்றுப் பார்த்தான்.
"அந்த நடிகை மாதிரியே இருக்கீங்க.
குரல்தான்..."
மிச்சத்தைத் தராசிடம் சொன்னான்.
விலையையும் குறைக்கவில்லை.

பிப்ரவரியில் செய்தித்தாளின் ஒன்பதாம் பக்கம்,
நான்கு வரி: எர்சீலியா.

இரவு ரயில்.
ஈர மண், பன்னிரண்டு பேர்,
குடையை மடக்கத் தெரியாத பாதிரியார்.
எல்லாம் முடிந்ததும் மகன் போலிருந்தவன் கேட்டான்:
நீங்கள் அம்மாவுக்கு என்ன வேண்டும்?

வாய் திறந்தாள்.
பழக்கம்.
உதடு மட்டும் அசைந்தது.
பிறகு
கொஞ்ச நேரம் காத்து நின்றாள்,
குரல் வந்து சேரட்டும் என்று.