பிடுங்கக் கூலி

கச்சான் காற்று வீசத் தொடங்கினால்
நிலாவெளியில் பச்சை இரண்டு இடத்தில்தான்:
கரையில் அடம்பன் கொடி,
ஹோட்டலின் புல்தரை.
அடம்பனுக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை.
புல்தரைக்கு இரவும் மோட்டர் ஓடும்.
நான் அதில் குந்தியிருந்து
புல் அல்லாததைப் பிடுங்குகிறவள்.
நாட்சம்பளம். தொப்பி அவர்கள் தந்தது.

புல் அல்லாதது என்றால்
சாரணை, கீழ்க்காய்நெல்லி, பொன்னாங்காணி.
குழாய் ஒழுகும் மூலையில் வல்லாரை.
வெட்ட வெட்டக் கம்பிவேலியில்
மறுபடி ஏறும் முடக்கொத்தான்.
சுப்பர்வைசர் நிமலரூபனுக்கு
எல்லாவற்றுக்கும் ஒரே பேர், குப்பை.
குப்பையை வெளியே கொண்டுபோக
அனுமதி தேவையில்லை.

ஆறு மணிக்கு என் சைக்கிள் கரியரில்
யூரியாப் பை நிறையக் குப்பை.
பாதி சட்டிக்கு. மிச்சம் மண்ணுக்கு.

மண் என்றால் சிரிப்பார்கள்.
எங்கள் வளவு கடல் விட்டுப்போன மணல்.
ஒரு வாளி ஊற்றினால்
வாளியைக் கீழே வைப்பதற்குள் குடித்துவிடும்.
முதல் வருஷம் நானும் தயாபரனும்
கத்தரி வைத்தோம். வெயில் தின்றது.
இரண்டாம் வருஷம் எதுவும் வைக்கவில்லை,
குழிதான் வெட்டினோம்.
உரிமட்டையை மல்லாத்தி அடுக்கி,
கரைவலைக்காரர் உதறிவிட்ட சாதாழையை
மழையில் கிடத்தி உப்பு இறக்கி மேலே பரப்பி,
ஹோட்டல் குசினியின் கோப்பித்தூள், மீன் தலை,
பிறகு என் குப்பை.
சட்டி கழுவுகிற தண்ணீர் போய் விழும் இடத்தில்
வட்டமாய் ஐந்து வாழை.

மூன்றாம் மாரி முடியக் கையை விட்டுப் பார்த்தேன்.
முழங்கை மட்டும் குளிர்.
ஒரு மண்புழு.
அதற்கு நான் எந்த விலாசமும் கொடுக்கவில்லை.

துணி தோய்க்கிற பகுதியில் இறக்கக்கண்டி ஹம்ஸியா.
வெள்ளைப் பூச் சாரணைதான் வறைக்கு, என்பாள்,
சிவப்பென்றால் அவித்து
முதல் தண்ணீரை ஊற்றிவிடு.
நான் ஊற்றாமல் தின்று
ஒரு ராத்திரி முழுக்கத் தொண்டை சொறிந்தபின்
அவளோடு வாதாடுவதில்லை.

ஆடியில் ஒரு கல்யாணம் வருகிறதென்று
கிழக்குப் பக்கம் மருந்து அடித்திருக்கிறார்கள்.
எனக்குச் சொல்லவில்லை.
ஏன் சொல்ல வேண்டும்?
பிடுங்குகிறவளை அவர்களுக்குத் தெரியும்,
தின்கிறவளைத் தெரியாது.

வீட்டில் பையைக் கொட்டினேன்.
சாரணை நுனி வாடவில்லை, முறுகியிருந்தது.
இரண்டும் வேறு.
வாடியது தண்ணீர் தெளித்தால் நிமிரும்.
இது நிமிரவில்லை.
மணந்து பார்த்தேன்,
புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி.
கோழி ஒன்று ஓடிவந்தது. கல் எடுத்து எறிந்தேன்.
அடுப்பில் வெறும் சட்டி புகைந்தது.

தின்ன முடியாது, சரி.
குழியில் போட்டால் மூன்று மாரியும் போகும்.
எரித்தால் காற்று அடுத்த வீட்டுப் பக்கம்.
கடல் கிட்டத்தான் இருக்கிறது,
அதனாலேயே அதற்குள் எல்லாம் கிடக்கிறது.
பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டு
திரும்பக் கரியரில் ஏற்றினேன்.
தயாபரன் டோர்ச் பிடித்தபடி பின்னால் நடந்தான்,
ஒன்றும் பேசவில்லை.

ஹோட்டல் கேற்றடியில் காவலாளியிடம்
"உங்கட குப்பை" என்றேன்.
அவன் கொப்பியைத் திறந்தான்.
பொருள் என்று ஒரு கட்டம் இருந்தது.
என்ன எழுத, என்றான்.
சாரணை.
எத்தனை?
நாலு கிலோ.
எழுதினான்.

இப்போது மருந்தடித்தால்
ஹம்ஸியாவின் கொடிக்கயிற்றுக் கடைசியில்
ஒரு நீலத் துவாய் தொங்கும்.
நிமலரூபன் அதையும் பார்க்கிறான்,
துவாயாகத்தான்.

கார்த்திகையில் வாழையைச் சுற்றி
எங்கள் மணலிலேயே சாரணை முளைத்தது.
பைகளில் ஒட்டிவந்த விதையாய் இருக்க வேண்டும்.
வெள்ளைப் பூ.
குந்தியிருந்து கை வைத்தேன்.
பழக்கத்தில் வேரோடு வந்துவிட்டது.
திரும்ப ஊன்றி, தண்ணீர் விட்டு,
பக்கத்துச் செடியில்
பெருவிரலால் நுனியை மட்டும்
கிள்ளிப் பார்த்தேன்.
சரியாக வரவில்லை.